சேர்ந்த ரத்தம்

அம்மா,

இன்று காலை நேந்திரங்காய் நறுக்கும்போது அரிவாள்மணை என் இடது கை ஆட்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. கொஞ்சம் ஆழமான வெட்டுத்தான். நான் துணி தேடவில்லை. விரலை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முதலில் ரத்தம் வேகமாகச் சொட்டியது. பிறகு சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடியது. நான்காவது நிமிஷம் வெட்டின் ஓரத்தில் ஒரு மணி தேங்கி நின்று, விழாமல், நிறம் மங்கிக் கெட்டியாயிற்று. அவ்வளவுதான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மிச்சக் காயை நறுக்கினேன்.

விரல் அறுத்துக்கொண்டவள் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்றால் இந்தத் தெருவில் பைத்தியம் என்பார்கள். உங்களுக்குத்தான் புரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

பதினாறு வயதில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலையாள ராஜ்யத்தில் இந்தக் கோட்டைக்குள் தெருவுக்கு மருமகளாக வந்தேன். உங்களை அம்மா என்று கூப்பிட்டேன். மாமியாரை அப்படிக் கூப்பிடுவது வழக்கம் என்பதால் கூப்பிட்டேன், வேறு காரணம் இல்லை. எனக்கு உங்களைக் கண்டால் பயம். மாமா போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. விடிவதற்கு முன் கிணற்றில் நீங்களே இறைத்துக் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டுவீர்கள். தெருவுக்குக் குழாய் வந்தபோது, அதற்குள் தோல் வாஷர் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, அந்தத் தண்ணீரில் கால் கூடக் கழுவ மாட்டேன் என்றீர்கள். நீங்கள் மடியாக இருக்கும் நேரத்தில் என் முந்தானை காற்றில் உங்கள் பக்கம் பறந்தால்கூட மறுபடி கிணற்றடிக்குப் போவீர்கள். மூன்று வருஷம் நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே வாழ்ந்தேன்.

நான்காவது வருஷம் சீக்கு வந்தது. முதலில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பிறகு முழங்காலுக்குக் கீழே, கடுகைத் தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையாது. குடம் தூக்கி வைத்த இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். வளையல் இடித்த இடத்தில் எல்லாம் நீலம். கிணற்றடியில் அடுத்தாத்து மாமி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம், வெளியிலே சாது மாதிரி இருக்கான்" என்றாள். அவள் சொன்னது உங்கள் பிள்ளையை. சர்க்கார் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கக்கூடத் தயங்குகிற மனிதர்.

அந்தப் பேச்சு அன்று சாயங்காலமே உங்கள் காதுக்கு வந்தது. அவர் கச்சேரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன் கூடத்தில் நிறுத்தினீர்கள்.

"கையை வச்சயாடா அவ மேலே?"

"இல்லேம்மா."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"சத்தியமா இல்லேம்மா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தீர்கள். "செரி. அப்போ இது சீக்கு. சீக்குன்னா மருந்து இருக்கும்" என்று உள்ளே போய்விட்டீர்கள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, ஏதோ ஒன்று என் தலையிலிருந்து இறக்கி வைக்கப்பட்டதுபோல் இருந்தது. தெரு முழுக்க ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலை நம்பினீர்கள்.

மருந்து இருந்தது, கேட்கவில்லை. வைத்தியர் ஆடாதோடைச் சாறு கொடுத்தார். அசோகப்பட்டைக் கஷாயம் கொடுத்தார். அந்த மாதம் நான் தூரமாகிக் கொல்லைப்புற அறையில் உட்கார்ந்தவள், மூன்று நாள் கழிந்தும் எழுந்திருக்கவில்லை. ஏழு நாள், பத்து நாள், ரத்தம் நிற்கவில்லை. தீட்டு நிற்காதவள் உள்ளே வர முடியாது. இலையில் சாதத்தை வைத்து எட்டத்திலிருந்து என் பக்கம் தள்ளுவீர்கள். நான் சாப்பிட்ட இடத்தில் நானே சாணம் இட்டு மெழுகுவேன். பதினைந்தாம் நாளுக்குமேல் மெழுகக் குனிந்தால் கண் இருட்டியது.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். மாமாவின் தம்பி; ஊட்டுப்புரையில் பிராமண போஜனத்துக்கு மேல்பார்வை பார்த்தவர்; தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கொல்லை அறை வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

"மன்னி, இது தோஷம். அவா ஆத்துலே யாரோ நாகத்தை அடிச்சிருக்கா. இவளைக் கல்லிடைக்குறிச்சிக்கே கொண்டுவிட்டுடுங்கோ. கரமனையிலே ஒரு பொண்ணு இருக்கு, நல்ல எடம். இவனுக்கும் அப்படியொண்ணும் வயசாயிடலையே."

நீங்கள் உள்வாசல் கதவுக்குப் பின்னால் நின்று பேசினீர்கள். "அந்தப் பொண்ணுக்கும் சீக்கு வந்தா?"

"என்ன மன்னி இப்படிப் பறையறேள்?"

"கேக்கறேன். அவளையும் கொண்டுவிட்டுட்டு மூணாவதா ஒண்ணு தேடணுமே. இப்பவே பார்த்து வச்சுக்கோங்கோ."

சித்தப்பாவின் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். பத்தொன்பது வயது எனக்கு. ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் அங்கே சாவதற்குத்தான் போவேன் என்று தெரியும்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் நீங்கள் இலையைத் தள்ளினீர்கள். எனக்குக் கை நீளவில்லை. எழுந்து உட்காரப் பார்த்தேன், முடியவில்லை. சாதத்தின் மேல் ஈ உட்கார்வதைப் பார்த்தபடி கிடந்தேன். பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி உங்கள் இரண்டு கைகளும் என் அக்குளுக்குள் நுழைந்து என்னைத் தூக்கின. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா, மடி…" என்றேன்.

"குளிச்சாப் போயிடும். நீ போயிட்டா வருவியோ?"

பிள்ளை கச்சேரியிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சாலைக்கடைப் பக்கம் ஆளை அனுப்பி ஒரு வில்வண்டி பிடித்து வரச் சொன்னீர்கள். உங்கள் மாற்றுப் புடவையை வண்டியில் விரித்து என்னைப் படுக்க வைத்தீர்கள். கோவிலையும் கரமனை ஆற்றையும் தவிர வேறு எங்கும் போகாத நீங்கள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என் தலையை மடியில் வைத்து, பட்டப்பகலில் தெருவின் நடுவே போனீர்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். மலையாளத்துக்காரி, நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட தமிழ். என் காது மடலில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மை ஒற்றும் தாளின் ஓரத்தால் ரத்தத்தை ஒற்றி எடுத்தாள். எல்லோருக்கும் அந்தப் பொட்டுகள் வரவரச் சிறிதாகி, இரண்டு மூன்று நிமிஷத்தில் இல்லாமல் போகுமாம். எனக்குத் தாளில் ஒரு வரிசை முடிந்து இரண்டாம் வரிசையும் முடிந்தது. எல்லாப் பொட்டும் ஒரே அளவு. கடைசியில் அவள் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு விரலில் குத்தி, முடிபோல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை குழாயின் நுனியைச் சிறிதாக ஒடித்துப் பார்த்தாள். ஐந்தாவது நிமிஷம், ஒடிந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சிலந்தி நூல்போல் ஒரு சிவப்பு இழை நீண்டு தொங்கியது.

"அம்மா, இவருக்கு ரத்தம் உறையுது. பக்ஷே நிக்கல்ல" என்றாள் டாக்டர்.

"உறைஞ்சா நிக்காதோ? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டு காரியம்" என்று அவள் விளக்கினாள். உடம்பில் ஒரு ரத்தக் குழாய் அறுந்தால், முதலில் அந்தக் குழாய் தன் வாயைத் தானே சுருக்கிக்கொள்ளும். அடுத்து, ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் மிகச் சின்னத் தட்டுகள் அறுந்த ஓரத்தில் வந்து ஒட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஓட்டையை அடைக்கும். அதற்குப் பிறகுதான் ரத்தம் நூல்நூலாக உறைந்து, அந்த அடைப்பின்மேல் வலை பின்னி அதை இறுக்கும். எனக்கு நூல் இருக்கிறது, தட்டு இல்லை. முதலில் வந்து நிற்க வேண்டியவர்கள் வரவில்லை. அதனால் கால் தோலுக்குள் நாள்தோறும் ஆயிரம் இடத்தில் கசிகிறது. அதுதான் கடுகுப் புள்ளி, இடித்த இடத்து நீலம், நிற்காத தீட்டு. பிளேட்லெட் என்று அவள் சொன்ன பெயரை நீங்கள் கடைசி வரை 'பிள்ளத்தட்டு' என்றே சொன்னீர்கள்.

மறுநாள் உங்களைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடிக் குழலில் பார்க்கச் சொன்னாளாம். திரும்பி வந்து கட்டிலருகே நின்று சொன்னீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வட்டமா வெளிச்சம். அதுக்குள்ளே வெளிறின சிவப்பிலே வட்டுவட்டா நிறைய. நடுநடுவே நாவப்பழச் சாறு தெளிச்ச மாதிரி பொடி. அதுதான் பிள்ளத்தட்டு. என் விரல்லயும் ஒரு சொட்டு எடுத்து வச்சுக் காமிச்சா. என்னோடதுலே மூலைக்கு மூலை நிக்கறது. உன்னோடதுலே தேடித் தேடி ஒண்ணோ ரெண்டோ."

"எங்கே போச்சாம்?"

"எங்கேயும் போகலே. உன் வயத்துக்குள்ளே இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் இருக்காம். அது வர்றதையெல்லாம் தின்னுடறதாம். அதை எடுத்தா ரத்தம் நிக்கலாம்ங்கறா. எடுத்தும் நிக்காமப் போகலாம்ங்கறா. அறுக்கறச்சே உயிருக்கே ஏதாவது ஆகலாம்ங்கறா. மூணையும் ஒளிக்காமச் சொன்னா. அதனாலே நேக்கு அவளைப் பிடிச்சிருக்கு."

"எடுக்கச் சொல்லிட்டேளா?"

"உன்னைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது? உன் வயறுன்னா?"

என் கல்யாணத்துக்கு என்னை யாரும் கேட்கவில்லை. எந்த ஊரில் வாழ்வது, எப்போது பிறந்த வீட்டுக்குப் போவது, எதையும் கேட்டதில்லை. சாகலாமா பிழைக்கலாமா என்பதை முதன்முதலாக ஒருத்தர் என்னைக் கேட்டார். எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். என் குரல் உரக்க வந்தது என்று நினைவு.

கத்தி வைப்பதற்கு முன்னால் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேசையிலேயே முடிந்துவிடுவேன் என்றாள் டாக்டர். உங்கள் பிள்ளை முதலில் கையை நீட்டினார். கண்ணாடித் துண்டின்மேல் அவர் ரத்தமும் என் ரத்தமும் கலந்தவுடன் திரிந்த பால்போல் திரித்திரியாய்ப் போயிற்று, சேரவில்லை. உங்களுடையதும் அப்படியே. அவர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ரத்தம் என்றதும் ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு விரதம், ஒருவர் வீட்டிலேயே இல்லை.

அந்த வார்டில் எஸ்தர் என்று ஒரு நர்ஸ். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளாகப் போய் விரலில் குத்திக்கொண்டு பார்த்துவிட்டு உங்களிடம் வந்தாள்.

"அம்மா, எனக்க ரத்தம் இவங்களுக்குச் சேருது. குடுக்க எனக்கு மனசுதான். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்காமக் குடுக்க மாட்டேன். பொறவு நீங்க இவங்களை வீட்டுல ஏத்தாம விட்டியன்னா பாவம் எனக்குத்தான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழாய்த் தண்ணீரைத் தொடாதவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"நோக்கு ஒண்ணும் ஆயிடாதே குழந்தே?" என்று கேட்டீர்கள்.

"எனக்கா? ரெண்டு நாளு கிறக்கமா இருக்கும். அம்புட்டுத்தான்."

"அப்போ குடு. நீ நன்னா இருப்பே."

எப்படித்தான் காற்று வழியாகச் செய்தி போகுமோ, ரத்தம் ஏற்றுவதற்குள் சித்தப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். கோவில் நடை எல்லா ஜாதிக்கும் திறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சமயம். தெருவில் பலருக்கும் அந்தக் கோபமே இன்னும் ஆறியிருக்கவில்லை. வார்டு வாசலைத் தாண்டி அவர் வரவில்லை.

"மன்னி, அவ என்ன ஜாதின்னு விசாரிச்சேளா?"

"விசாரிச்சேன். ரத்தம் சேர்ற ஜாதின்னு சொன்னா."

"விளையாட்டாப் பேசாதேள். நாளைக்கு இவ தொட்ட ஜலத்தை யார் குடிப்பா?"

"நான் குடிப்பேன். நீங்க ஆத்துக்குப் போங்கோ."

எஸ்தர் அடுத்த கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள். அவளிடமிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்து, உறையாமலிருக்க ஏதோ உப்புக் கரைசல் சேர்த்து, ரப்பர்க் குழாய் வழியாக என் கைக்குள் இறக்கினார்கள். முதலில் நடுங்கியது. பிறகு விரல் நுனிகளில் சூடு வந்தது. நான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. "என்ன பாக்குதிய? உறங்குங்க" என்றாள்.

மறுநாள் காலை என் மண்ணீரலை எடுத்தார்கள். நீங்கள் அன்று முழுவதும் வராந்தாத் தரையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்ததை எஸ்தர் பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் குழாய்த் தண்ணீர். அவள் எங்கேயோ போய் ஒரு இளநீரும் அரிவாளும் கொண்டுவந்து உங்கள் எதிரே வைத்தாளாம். "நீங்களே வெட்டிக்கிடுங்க அம்மா. நான் மேல் ஓட்டைத்தான் தொட்டேன், உள்ள இருக்க வெள்ளத்தைத் தொடல்ல." நீங்கள் சிரித்துவிட்டீர்களாம். வெட்டிக் குடித்தீர்களாம். நான் உள்ளே மேசையில் கிடக்க, வெளியே நீங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறீர்கள்.

மண்ணீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை முடிச்சுப் போட்டுக் கட்டியவுடனேயே, வெட்டின வாயிலிருந்து கசிந்துகொண்டிருந்த ரத்தம் கண் முன்னால் நின்றதாம். அறுத்த டாக்டரே கொஞ்சம் கையை நிறுத்திப் பார்த்தாராம். சில நாள் கழித்து லேடி டாக்டர் மறுபடி என் காதில் குத்தித் தாளை ஒற்றினாள். ஆறாவது பொட்டு கடுகளவு. ஏழாவது இல்லை.

வீட்டுக்குத் திரும்பி வண்டியிலிருந்து இறங்கியபோது சித்தப்பா சாஸ்திரம் தெரிந்த இரண்டு பேரோடு வாசலில் காத்திருந்தார். பஞ்சகவ்யம், ஹோமம், ஒரு மண்டலம் தனி இருப்பு. அதற்குப் பிறகும் அடுக்களை கூடாது என்று தீர்மானித்து வைத்திருந்தார்கள். நீங்கள் அவர்களைத் தாண்டி என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனீர்கள். கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைப்பீர்கள் என்று நினைத்தேன். நேரே அடுக்களைக்குள் கொண்டுபோய் அடுப்பின்முன் மணையைப் போட்டு உட்கார வைத்தீர்கள்.

"தையல் வலிக்கறதோ?"

"வலிக்கறது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அடுப்பை மூட்டிட்டுப் போய்ப் படு."

வாசலில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி ஊதுகுழலை ஊதினேன். அன்று நான் வைத்த கஞ்சியை நீங்கள் முதலில் குடித்தீர்கள்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு நம் வீட்டுக் கொலுவுக்கு ஒருத்தியும் வரவில்லை. ஒன்பது நாளும் சுண்டல் செய்தோம். ஒன்பது நாளும் அதைப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பினீர்கள். அதிலிருந்து எஸ்தர் மாதம் ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்தாள். கூடம் வரை வருவாள், நான் பாய் விரிப்பேன், காப்பி கொடுப்பேன். அவள் போன பிறகு நீங்கள் கிணற்றடிக்குப் போய்க் குளிப்பீர்கள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ ரத்தம் என் உடம்புலே ஓடறது. அவ வந்துட்டுப் போனா குளிக்கறேள். என்னைத் தொட்டா குளிக்கறதில்லை. இது என்ன நியாயம்?" என்று கேட்டேன்.

நீங்கள் ஈரத்தலையோடு நின்றீர்கள். "நியாயம் இல்லேதான். இது நேக்கு நானே போட்டுண்ட கட்டு. அறுபது வருஷம் ஆயிடுத்து, அவிழ்க்கக் கை வரலே. நோக்கு அதைக் கட்டலே, பார்த்துக்கோ" என்றீர்கள். அப்போது எனக்கு ஆறவில்லை. இப்போதும் முழுதாக ஆறவில்லை. உங்களைப் பற்றி எழுதும்போது அதை மறைக்கவும் எனக்கு மனம் இல்லை.

மூன்று வருஷம் கழித்து என் பெண் பிறந்தாள். எல்லோருக்கும் போகிற அளவுதான் எனக்கும் ரத்தம் போயிற்று; எல்லோருக்கும் நிற்பதுபோலவே நின்றது. எஸ்தர்தான் பிரசவம் பார்த்தாள்.

பிறகு, போன வருஷம், நீங்கள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தீர்கள்; நான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் சாய்ந்துவிட்டீர்கள். அதே லேடி டாக்டர் வீட்டுக்கே வந்தாள். நெஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குள் ஒரு கட்டி உறைந்து அடைத்துவிட்டது என்றாள். எந்தக் காயமும் இல்லை, எந்தக் கசிவும் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் எனக்கு நிற்காத அந்த ரத்தம், உங்களுக்கு ஓட வேண்டிய இடத்தில் நின்றுபோயிற்று. நான் அழுவதற்கு முன் கோபப்பட்டேன், அம்மா. விதி என்றார்கள், கர்மா என்றார்கள். அந்தப் பெண் நாகதோஷம் கொண்டுவந்து மாமியாரைத் தின்றுவிட்டாள் என்றுகூட ஒரு குரல் வந்தது. நான் வாசலில் நின்று, "அது சீக்கு. சீக்குன்னு சொல்லுங்கோ" என்று கத்தினேன்.

மூன்று நாளுக்கு முன் உங்கள் முதல் வருஷத் திவசம். அதற்கு முந்தின நாள் சித்தப்பா வந்தார். இப்போது ஊன்றுகோல், குரல் மட்டும் அப்படியே. திவசச் சமையலை நான் செய்தால் வாத்தியார் வரமாட்டார், பிராமணார்த்தம் சாப்பிட யாரும் உட்கார மாட்டார்கள், சமையலுக்கு வேறு ஆளை வைக்க வேண்டும் என்றார். உங்கள் பிள்ளை அதை எதிர்பார்த்திருந்தார்போல. முன்னாடியே டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"சித்தப்பா, ஏத்தற ரத்தம் உள்ளே தங்காதாம். அந்தத் தட்டு சில நாள்லயே போயிடுமாம். மிச்ச ரத்தம் நாலு மாசத்துக்கு மேலே நிக்காதாம். உடம்பு தானே புதுசு பண்ணிக்கறதாம். இப்போ எட்டு வருஷமாச்சு. ஒரு சொட்டுக்கூட இருக்காது."

சித்தப்பாவின் முகம் தெளிந்தது. "அப்படியா? நல்ல வர்த்தமானமாச்சே. ஒரு புண்யாகவாசனம் பண்ணித் தீர்த்தம் தெளிச்சு முடிச்சுக்கலாமே. என்ன கோமதி?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். எட்டு வருஷத்து ஒதுக்கிவைப்பு முடிந்துவிடும். நவராத்திரிக்கு ஆட்கள் வருவார்கள். என் பெண்ணோடு தெருக் குழந்தைகள் விளையாடும். உங்கள் பிள்ளையின் கண்ணில் ஒரு கெஞ்சல்.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். "ஆனா அது போயிடுத்துங்கறதுக்காக நான் அடுக்களைக்குப் போகலே. அது உள்ளே ஓடிண்டிருக்கறச்சேயே அம்மா என்னை அடுப்புகிட்ட உட்கார வச்சா. அது இருக்குன்னே வச்சுண்டு யார் வரேளோ வாங்கோ."

சித்தப்பா எழுந்து போய்விட்டார். உங்கள் பிள்ளை மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வலியசாலையிலே ஒரு வாத்தியார் இருக்கார். கேட்டுப் பார்க்கறேன்" என்று கிளம்பினார். அந்தக் கெஞ்சல் அப்போது அவர் கண்ணில் இல்லை.

வலியசாலை வாத்தியார் வந்தார். இலையில் உட்கார இரண்டு பேர் வேண்டும், ஒருவர்தான் கிடைத்தார், மற்ற இலைக்கு ஆளுக்குப் பதிலாகத் தர்ப்பையில் முடிந்த கூர்ச்சம் வைத்து நடத்தினோம். ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கிச் சாதம் வடித்தேன். மிளகுக் குழம்பு, வாழைக்காய், எள்ளுருண்டை. வந்தவர் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திவசம் முடிந்த மறுநாள் எதிர் வரிசை நாலாம் வீட்டு மருமகள், வேலைக்காரியிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு மாதமாகக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறாளாம். அவளுக்கு வந்திருப்பது என் சீக்கா, வேறொன்றா, எனக்குத் தெரியாது; அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நாளைக் காலை ஏழு மணிக்கு வில்வண்டி வரச் சொல்லியிருக்கிறேன். எஸ்தர் ஆஸ்பத்திரியில் இருப்பாள். அந்தப் பெண்ணின் மாமியார் வாசலை மறித்து நிற்பாள் என்று கேள்வி. நிற்கட்டும்.

அவளை நான் கையைப் பிடித்து எழுப்பி, தோளில் சாய்த்துத் தெருவின் நடுவே கூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வந்து குளிக்க மாட்டேன், அம்மா. அந்த ஒரு விஷயத்தில் உங்களைத் தாண்டி வந்துவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

உங்கள்
கோமதி